களிம்பு

மாதவரத்தில் கடல் இல்லை. ஏரி இருக்கிறது, பால் பண்ணை இருக்கிறது, எந்நேரமும் லாரி இருக்கிறது. ஜிஎன்டி சாலையில் ஆந்திராவுக்குப் போகிற லாரியும் அங்கிருந்து வருகிற லாரியும் இரவு பகலாக உரசிக்கொண்டு ஓடும். இப்போது மெட்ரோ வேலையும் சேர்ந்துகொண்டதில் காலை ஒன்பது மணிக்கே காற்றில் சிமென்ட் வாசனை. சாலையிலிருந்து இறங்கும் ஒரு சந்தின் முனையில் பாயின் பட்டறை. தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த மண் தரை. சுவரில் வரிசையாக ஆணி. ஆணிக்கு ஒரு ஒயர்க் கட்டு. பெயர்ப் பலகை கிடையாது. லாரிக்காரர்களுக்குத் தெரியும், அது போதும்.

எதிரே டீக்கடை பெஞ்சில் நான். ஸ்கூட்டரின் பேட்டரி உள்ளே சார்ஜில் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஆகும் என்றார் பாய். அன்று நான் அந்த பெஞ்சை விட்டு எழுந்தபோது மணி மூன்று.

குட்டியானை வண்டி ஒன்று பின்பக்கமாக வந்து பட்டறை வாசலில் நின்றது. அதில் பழைய வலையை மெத்தையாக விரித்து, மேலே ஒரு படகு மிசினைப் படுக்க வைத்திருந்தார்கள். 40 குதிரைச் சக்தி. தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் மூடியின் ஒரு பக்கம் கருப்பாக, துடைத்தும் போகாத பிசுக்கின் தடம். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய் என்று பின்னால் பேச்சில் தெரிந்தது. படகைத் தேய்த்தார்களாம், வலையைத் தூக்கிப் போட்டார்களாம், மூடியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்களாம்.

இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவருக்கு நாற்பது வயது இருக்கும், தாழங்குப்பத்துக்காரர். மற்றவன் இளவட்டம், அவருடைய மச்சான். அவன் முழங்காலுக்குக் கீழே துணிக்கட்டு. கால் ஊன்றும்போது முகம் சுருங்கியது. பாயும் பட்டறைப் பையனும் அந்த இருவருமாக நாலு பேர் சேர்ந்து மிசினைத் தூக்கி மர ஸ்டாண்டில் மாட்டினார்கள். அதன் பிறகு ஒரு பேட்டரி, ஒரு கோணி. கோணியைக் கவிழ்த்தபோது ஒயர் கொத்தும் சாவிப் பெட்டியும் குடல் மாதிரி சரிந்து விழுந்தன.

"இன்னா ஆச்சு?"

"செல்ஃப் எடுக்கல பாய். பேட்டரி புதுசு. ரிலே புதுசு. செல்ஃப்பக் கயட்டி கார்பன் மாத்திட்டாங்க. டக்குன்னு ஒரு சத்தம் வரும், சில நாளு அதுவும் வராது."

"கயிறு இஸ்தா ஓடுதா?"

"ஓடுது. ஓடிக்கினே கீற சொல்லோ நின்னுடுது."

"எப்ப?"

அவர் பதில் சொல்லவில்லை. மச்சான் சாலையைப் பார்த்தான்.

பாய் தலையை ஆட்டினார். "ரெண்டும் வேற வேற நோவு நைனா. ஒண்ணொண்ணா பாப்போம்."

அறுபதைத் தாண்டியவர் பாய். வெள்ளைத் தாடியின் ஓரத்தில் கிரீஸ். இளமையில் காசிமேட்டில் விசைப்படகு வேலை பார்த்தவர். பிறகு லாரிக்கு வந்துவிட்டார். ஆனாலும் காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் கைவிடப்பட்ட மிசின்கள் மணலி வழியாக இவரைத் தேடி வருகின்றன. இவை எல்லா இடமும் போய்விட்டுக் கடைசியாக வருகிறவை என்பதால் இவரிடம் வரும்போது பாதி பாகம் புதிதாகவே இருக்கும். பேட்டரி மாற்றியாகிவிட்டது, ரிலே மாற்றியாகிவிட்டது. நடுவில் இருக்கிற ஒயரை மட்டும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பாகத்தைக் கழற்றி மாட்டுவது சுலபம், ஒயரைத் தேடுவதற்கு உட்கார வேண்டும்.

ஜூன் முதல் வாரம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். காசிமேட்டில் அவை அருகருகே கட்டிக் கிடக்கும். கரையோரம் போய்வருகிற பைபர் படகுகளுக்குத்தான் அப்போது மீனும் விலையும். ஒரு நாள் மிசின் படுத்தால் எவ்வளவு போகும் என்று அவர் சொல்லவில்லை. வந்ததிலிருந்து மூன்று முறை போனில் மணி பார்த்தார்.

பையன் தரையைக் கூட்டினான். கொத்தைப் பிரித்து நீளவாக்கில் விரித்தார்கள். தலைமாட்டில் பேட்டரி, கால்மாட்டில் சாவிப் பெட்டி, நடுவில் கிளை கிளையாக ஒயர். கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய முடிச்சுகளை எண்ணினேன், பதினொன்று. மிசினோடு வந்த ஒயரில் முடிச்சு இருக்காது. இவையெல்லாம் பிற்பாடு சேர்ந்தவை. ஜிபிஎஸ்ஸுக்கு ஒன்று, ஆழம் பார்க்கும் எக்கோவுக்கு ஒன்று, வாக்கிக்கு ஒன்று, ராத்திரி விளக்குக்கு, செல்போன் சார்ஜுக்கு. கடலில் ஒரு மீனவனுக்குத் தேவைப்பட்ட ஒவ்வொன்றும் பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு ஒயரின் தோலைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிக்கொண்டு சேர்ந்திருக்கிறது. அவசரத்தில், ஆடுகிற படகில், ஈரக் கையோடு போட்ட முடிச்சுகள்.

கட்டுமரத்தில் ஒயர் இல்லை. உலகத்துக்கே தன் பெயரைக் கொடுத்த அந்தக் கலத்தில் மரமும் கயிறும்தான். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகப் பைபர் படகுகள் இந்தக் கரை நெடுக வந்து இறங்கின. படகு வந்தது, மிசின் வந்தது. மிசினுக்குள் ஓடும் மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்கும் ஆள் மட்டும் குப்பத்துக்கு வந்து சேரவில்லை. இதை நான் குறையாகவே சொல்கிறேன்.

ஃபியூஸ் கூட்டைத் திறந்தார் பாய். உள்ளே 20 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் பிடுங்கி எறிந்துவிட்டு டப்பாவிலிருந்து சரியான ஃபியூஸை எடுத்து வைத்தார். தாழங்குப்பத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

மீட்டரை எடுத்தார். பேட்டரியில் 12.5. ஃபியூஸ் தாண்டி 12.5. சாவிப் பெட்டிக்கு வரும் முனையில் வைத்தார்: 12.4.

"பாரு பாய். எல்லாரும் இத்ததான் சொல்றாங்கோ. வோல்ட்டு கீது."

"கீது" என்றார் பாய். "டேய், அந்த பல்பு எடு."

பையன் காரின் ஹெட்லைட் பல்பு ஒன்றைக் கொண்டுவந்தான். இரண்டு பக்கமும் ஒயர் வைத்து முதலைவாய்க் கிளிப் பற்றவைத்த பல்பு. 12 வோல்ட், 60 வாட். அதைச் சிவப்பு ஒயரின் கடைசி முனையில் மாட்டி, மறு முனையை எர்த்தில் கொடுத்தார் பாய். பல்பு எரியவில்லை. கையால் மறைத்து நிழல் கட்டிக் காட்டினார். உள்ளே இழை அணையப்போகும் பீடி நுனி மாதிரி சிவந்திருந்தது, அவ்வளவுதான். பல்பு மாட்டியபடியே அதே முனையில் மீட்டரை வைத்தார். மூன்று வோல்ட்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் கணம் உடம்பு ஒரு தரம் நிமிர்ந்தது. அதே ஒயர், அதே இடம். சற்று முன் 12.4 என்றது.

இதன் கணக்கு எளிது. மீட்டர் ஒயரிடம் ஏறக்குறைய ஒன்றுமே கேட்பதில்லை. அதன் உள்தடை ஒரு கோடி ஓம். அது இழுப்பது ஒரு மைக்ரோ ஆம்பியரும் சொச்சமும். இருபது இழை உள்ள ஒயரில் பத்தொன்பது செத்து ஒன்று மட்டும் உயிரோடு இருந்தாலும் அந்தத் துளியைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பல்பு கேட்பது 5 ஆம்பியர். செல்ஃப்பின் ரிலேயும் அதே மாதிரி ஆம்பியர் கணக்கில் கேட்கும். கேட்டவுடன் அந்த ஒற்றை இழை மூச்சு வாங்குகிறது, வோல்ட் வழியிலேயே உட்கார்ந்துவிடுகிறது, ரிலே 'டக்' என்று ஒரு முறை துடித்து அடங்குகிறது. புதுப் பேட்டரி போட்டாலும் இதேதான். புது ரிலே போட்டாலும் இதேதான்.

"வோல்ட்டு கீது நைனா. ஆனா தூக்க மாட்டேங்குது" என்றார் பாய். "சும்மா நிக்க வச்சுக் கேட்டா எல்லா ஒயரும் நல்லாதான் கீறேன்னும். மூட்டைய ஏத்திக் கேக்கணும்."

பல்பை மாட்டியபடியே பேட்டரிப் பக்கமிருந்து ஒவ்வொரு முடிச்சாகத் தாண்டி அளந்துகொண்டே வந்தார். முடிச்சுக்கு முன்னால் மீட்டரின் ஒரு முள், பின்னால் இன்னொரு முள். நல்ல இணைப்பின் இரு பக்கத்துக்கும் நடுவே அரை வோல்ட்கூட விழக் கூடாது. முதல் முடிச்சு தேறியது, இரண்டாவதும் தேறியது. நான்காவதில், எக்கோவுக்குப் பிரித்த இடத்தில், மீட்டர் எட்டரைக்கு எகிறியது. காணாமல் போன வோல்ட்டில் முக்கால்வாசிக்கு மேல் அந்த ஒரு முடிச்சிலேயே தங்கியிருந்தது.

பிளேடால் டேப்பைக் கீறினார். உள்ளேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது. படகு கரைக்கு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தும், அந்த டேப் கடலைப் பிடித்து வைத்திருந்தது. பிரித்ததும் பச்சை. பாசிப் பச்சையும் நீலமும் கலந்த மாவு. பையன் விரலால் தொட்டான். செம்பு இழை பொடிந்து உதிர்ந்தது.

"களிம்பு" என்றார் பாய்.

எங்கள் வீட்டில் பித்தளைக் குடத்தில் களிம்பு ஏறினால் பாட்டி புளி போட்டுத் துலக்குவாள். ஒயருக்குள் புளி போகாது. உப்புத் தண்ணீர் போகும். நூலிழைகளுக்கு நடுவே எண்ணெய் திரியில் ஏறுவதைப் போல அது செம்பு இழைகளுக்கு நடுவே ஏறுகிறது. கூடவே பேட்டரியின் பிளஸ் பக்கம் ஒயர் ஈரத்தில் இருந்தால் மின்சாரமே செம்பைக் கரைத்துத் தின்கிறது. லாரியில் பத்து வருடம் உழைக்கிற ஒயர் படகில் இரண்டு மூன்று வருடத்தில் போய்விடுவது இதனால்தான்.

பாய் முடிச்சை வெட்டிவிட்டு ஒரு அங்குலம் தள்ளித் தோலைச் சீவினார். பச்சை. இன்னும் நாலு விரல் தள்ளினார். பச்சை இல்லை, ஆனால் கறுப்பு, ஈயம் ஒட்டாது. ஒரு சாண். மங்கல். கட்டிங் பிளேயர் ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் ஒரு துண்டு தரையில் விழுந்தது. வெளியே தோல் சிவப்பாக, பளபளப்பாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. செம்பு உள்ளபோதே களிம்பும் உடன் உள்ளது என்று உயிருக்கும் ஆணவ மலத்துக்கும் சைவ சித்தாந்திகள் உவமை சொல்வார்கள். எத்தனையோ சொற்பொழிவில் கேட்டதுதான். அந்தத் துண்டுகள் விழுவதைப் பார்த்தபோதுதான் அந்த உவமை எனக்குப் புரிந்தது. ஒரு முழம் தள்ளிப் போன பிறகு செம்பு ரோஜா நிறத்தில் மின்னியது.

"இந்தச் செவப்பு மொத்தமும் போச்சு நைனா. புதுசு இஸ்துடலாம்."

மண்ணடியில் வாங்கி வைத்திருந்த சுருள் ஒன்றை எடுத்தார். வெட்டிக் காட்டினார், உள்ளே செம்பு தெரியவில்லை, வெள்ளி மாதிரி இருந்தது. ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயம் பூசிய கப்பல் ஒயர். அதற்கு லக் வைத்து அழுத்தி, ஒரு பொட்டு ஈயம் காட்டி, உள்ளே பசை தடவிய ஸ்லீவை ஏற்றி லைட்டரால் சூடு காட்டினார். ஸ்லீவ் சுருங்கி ஓரத்தில் பசை ஒரு வளையமாகப் பிதுங்கியது. வளையம் முழுதாக வந்ததா என்று திருப்பிப் பார்த்தார். ஒரு இடத்தில் வரவில்லை. அறுத்து எறிந்துவிட்டு மறுபடி செய்தார். எக்கோ, ஜிபிஎஸ், விளக்கு எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு ஃபியூஸ் பெட்டி வைத்துப் பேட்டரியிலிருந்தே நேராக எடுத்தார். இனி அவை மிசினின் ஒயரைத் தொடாது. இந்த வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. இடையில் யாரும் பேசவில்லை. ஒரு லாரி டிரைவர் வந்து ஹாரன் வேலை செய்யவில்லை என்று நின்றார்; பாய் கை காட்டியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவரும் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சாவியைத் திருப்பினார்கள். செல்ஃப் சுற்றியது. மச்சான் சிரித்தான். தாழங்குப்பத்துக்காரர் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு" என்றார்.

ஓடும்போதே நின்றுபோவதுதான் அவருடைய நோவு என்று அப்போது தெரிந்தது. செல்ஃப் எடுக்காவிட்டால் கயிறு இருக்கிறது. இந்த வகை மிசினில் பிளக்குக்குப் போகும் நெருப்புக்குப் பேட்டரி வேண்டாம். மேலே சுற்றும் சக்கரத்தில் காந்தம், அதன் அடியில் காயில். சக்கரம் சுற்றினால் காயிலில் சில நூறு வோல்ட் பிறந்து சிடிஐ பெட்டிக்குள் தேங்கி, சரியான நொடியில் இக்னிஷன் காயில் வழியாகப் பல ஆயிரம் வோல்ட்டாகப் பிளக்கில் வெடிக்கும். அதை நிறுத்துவதற்கு ஒரே ஒரு ஒயர். இந்த மிசினில் அது வெள்ளை. காரில் சாவியை மூடினால் மின்சாரம் அறுபடுகிறது. இங்கே நேர் எதிர். ஸ்டாப் பட்டனை அழுத்தினால் வெள்ளை ஒயர் எர்த்தோடு சேர்கிறது. சேர்ந்ததும் காயிலின் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் எர்த்தில் இறங்கிவிடும். ஆகவே வெள்ளை ஒயர் அறுந்தால் மிசின் நிற்காமல் ஓடும். எங்கேயாவது இரும்பில் உரசினால் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாகும்.

பாய் மீட்டரைச் சத்தம் போடும் பக்கம் திருப்பினார். ஒரு முள் வெள்ளை ஒயரில், ஒரு முள் மிசின் உடம்பில். சத்தம் இல்லை. ஸ்டாப்பை அழுத்தினார்: கீ என்றது. விட்டார், அடங்கியது. கைப்பிடியை இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார், ஒயரைக் குலுக்கினார். மௌனம். பத்து நிமிடம் இப்படியே. பிறகு உட்கார்ந்திருந்த கட்டையிலிருந்து எழுந்து, முள்ளைக் கிளிப்பால் கவ்விவிட்டு ஒதுங்கினார்.

"எனுக்கு மாட்டல. நீ பாரு நைனா. வல பாக்குற மாரி பாரு."

அவர் தயங்கினார். மிசின் பக்கத்தில் உட்கார்ந்து ஒயர் கொத்தை இரண்டு கையின் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவில் வாங்கினார். வலை பார்க்கிறவர்கள் கண்ணி கண்ணியாகத் தள்ளுவார்களே, அதே ஓட்டம். நைலான் அறுத்து அறுத்துத் தழும்பேறிய விரல்கள் அவை. கண் ஒயரில் இல்லை, எதிர்ச் சுவரில் இருந்தது. சிடிஐ பெட்டியிலிருந்து கீழே, வளைவு தாண்டி, ரப்பர் வாயிலுக்கு வந்து, கைப்பிடியின் கழுத்தில் விரல் நின்றது. முன்னே போய்ப் பின்னே வந்தது.

"இங்க கொஞ்சம் மெத்துனு கீது பாய்."

அழுத்தினார். சத்தம் இல்லை. அப்படியே யோசித்தவர், எழுந்து நின்றார். நின்றபடி கைப்பிடியை இடது பக்கம் முழுக்கத் திருப்பி, மேலே தூக்கினார்.

கீ.

பட்டறையில் எல்லோரும் அசையாமல் நின்றோம். விட்டார், அடங்கியது. மறுபடி தூக்கினார். கீ.

பாய் உட்கார்ந்துகொண்டே திருப்பியிருந்தார். அலையில் யாரும் உட்கார்ந்து ஓட்டுவதில்லை. முகத்துவாரத்தில் அலை மறியும் இடத்தில் எழுந்து நின்று, கைப்பிடியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துத்தான் நுழைவார்கள். ஆபத்து மிகுந்த அந்த இடத்தில்தான் வெள்ளை ஒயர் இரும்பைத் தொட்டிருக்கிறது.

ரப்பரைக் கிழித்தார்கள். வெள்ளைத் தோல் தேய்ந்து, அரிசி அளவு செம்பு எட்டிப் பார்த்தது.

"ஆத்து வாயில லெப்ட்டுல ஒடிச்சேன் பாய்" என்றார் தாழங்குப்பத்துக்காரர். குரல் எழும்பவில்லை. "நின்னுச்சு. போட்டு குறுக்க வுழுந்துச்சு. அலை ஏறிச்சு. இவன் எகிறிப் போய்ட்டான். போட்டு இவன் மேல..." கையை விரித்துக் காட்டினார், முடிக்கவில்லை. மச்சான் துணிக்கட்டைத் தடவிக்கொண்டான்.

பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவனுடைய காலைப் பார்த்தார். பிறகு மிசினின் மூடியைத் தாழ்ப்பாள் நீக்கித் திறந்தார்.

"ரெண்டு பேரும் இங்க வாங்க. நல்லா பாத்துக்கோ. சிடிஐ இது. இதுலேர்ந்து வெள்ளை வருதா? இது சாக்கெட்டு. மிசின் நடுவுல நின்னா, மூடியத் தொற, இத்த உருவு. கயித்த இஸு. ஓடிச்சுன்னா நோவு ஸ்டாப் ஒயர்ல. அப்டியே கரைக்கு வந்துடு. நிறுத்தணும்னா சோக்க இஸு, மூச்சு முட்டி நின்னுடும். உருவுனதுக்கு அப்பால பட்டன் வேல செய்யாது, அத்த மறக்காத."

மச்சானை உருவச் சொன்னார். உருவினான். மாட்டச் சொன்னார். மாட்டினான். கண்ணை மூடிக்கொண்டு உருவச் சொன்னார். மூன்றாவது தடவையில் விரல் நேராகப் போய்ச் சேர்ந்தது.

ஸ்டாப் பட்டனுக்குப் பக்கத்தில் மணிக்கட்டுக் கயிறு மாட்டும் கிளிப் இருக்க வேண்டும். கையில் கட்டிக்கொண்டால், ஆள் தண்ணீரில் விழும்போது கிளிப் உருவிக்கொண்டு மிசின் தானாக நிற்கும். விசிறி அவன்மேல் ஏறாது. அங்கே கிளிப் இல்லை. நைலான் நூலைச் சுற்றி இறுக்கி வைத்திருந்தார்கள். பாய் நூலை அறுத்தார். டப்பாவில் துழாவிச் சுருள் சுருளான சிவப்புக் கயிறு ஒன்றை எடுத்துத் தாழங்குப்பத்துக்காரர் மடியில் போட்டார்.

"காசு வேணாம். கட்டு."

புது வெள்ளை ஒயர் இழுத்து, கழுத்தில் உரசாமல் ஒரு வளையம் விட்டு, ரப்பரும் மாற்றினார்கள். பையன் டிரம்மில் தண்ணீர் நிரப்பினான். மிசினின் கால் தண்ணீரில் இறங்கியது. சாவி. முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. நீலப் புகை தகரக் கூரைக்கு ஏறியது. டிரம் தண்ணீர் கொதித்தாற்போல் புரண்டு தரையெல்லாம் வழிந்தது. அவர் எழுந்து நின்று கைப்பிடியை இடது பக்கம் முழுக்கத் திருப்பி மேலே தூக்கினார். ஓடியது. வலது பக்கம். ஓடியது. மறுபடி இடது. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. லாரி டிரைவர் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டார். கடைசியில் சிவப்புக் கயிற்றைச் சுண்டினார். மிசின் நின்றது.

பாய் கூலி சொன்னார். அவர் எண்ணிக் கொடுத்தார். மிசினை ஏற்றிக் கட்டிய பிறகு, திரும்பி வந்து தரையில் குந்தி, வெட்டிப்போட்ட சிவப்புத் துண்டுகளில் எதையோ தேடினார். பச்சை அதிகமாக இருந்த மூன்று துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னாத்துக்கு நைனா அது?"

"குப்பத்துல காட்டணும் பாய். அல்லார் போட்லயும் டேப்பு சுத்தித்தான் கீது."

குட்டியானை மணலி பக்கம் திரும்பியது. மச்சான் பின்னால் வலையின்மேல் மிசினைக் கட்டிப் பிடித்து உட்கார்ந்திருந்தான். துணி கட்டிய காலை வெளியே நீட்டியிருந்தான். அவன் விரல், மூடியின் இடுக்கு வழியாக உள்ளே போய், சாக்கெட் இருக்கும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது.